ஒரே பட்டயம், வேறு வேறு சம்பளம்: பிரான்சில் தாதியர் ஊதியமும் எமது சமூகமும்

(பரிஸ் லாச்சப்பல் பகுதியில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் எமது தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். பொறியியல் கற்றுக் கணனித் துறையில் பணிபுரிபவன். வார இறுதிகளில் இவ்வமைப்பின் தொண்டனாக இருந்து, எமது பிள்ளைகள் பார்கூர்சூப் இணையத்தளத்தில் உயர்கல்விக்கு விண்ணப்பிப்பதற்கு உதவி வருகின்றேன். தாதியரின் ஊதியத்தைப் பற்றிப் பேசுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் செய்த ஒரு தவறே இன்று என்னை உங்கள் முன் நிறுத்தியிருக்கின்றது.

2019ஆம் ஆண்டு ஒரு தாயார் தமது மகளுடன் என்னிடம் வந்தார். பிரான்சில் தாதியர் கல்லூரிகளுக்கான பழைய நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, பார்கூர்சூப் வழியாக மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய முதலாவது ஆண்டு அது. மகளுக்குத் தாதியாக வேண்டும் என்பது விருப்பம். தாயாருக்கு அதில் அரைமனம். "தம்பி, இந்தப் படிப்புப் படிச்சு முடிச்சா மாதம் எவ்வளவு எடுப்பா?" என்று கேட்டார். நான் இணையத்தில் தேடி ஒரு தொகையைச் சொன்னேன். தாயார் தலையசைத்தார். விண்ணப்பம் நிரப்பப்பட்டது.

அந்தப் பிள்ளை 2022இல் படிப்பை முடித்து ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடன் ஒரே வகுப்பில் படித்த தோழி அரச மருத்துவமனைக்குச் சென்றார். ஈராண்டு கழித்து இருவரும் தமது சம்பளத் துண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை. பின்னர் இவர் வேறோர் இடத்திற்கு மாறியபோது முந்திய பணிக்காலம் முழுமையாகக் கணக்கில் எடுக்கப்படவும் இல்லை. "அண்ணா, நீங்க சொன்னது ஆஸ்பத்திரிக் கணக்கு. நான் போனது முதியோர் இல்லம்" என்று அவர் சொன்னபோது என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

"தாதிக்கு எவ்வளவு சம்பளம்?" என்ற கேள்வியே பிழையானது. "எங்கே பணிபுரியும் தாதிக்கு?" என்றுதான் கேட்க வேண்டும். இதனை அன்று நான் அறிந்திருக்கவில்லை. அதன் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஒரு பட்டயம், பல வாசல்கள்

பிரான்சில் தாதியாகப் பணிபுரிவதற்கு அரச தாதியர் பட்டயம் வேண்டும். மூன்று ஆண்டுப் படிப்பு. 2009ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னர் இது பல்கலைக்கழக இளநிலைப் பட்டத்திற்குச் சமமான தகுதியைப் பெற்றது. லீலில் படித்தாலும் பரிசில் படித்தாலும் பட்டயம் ஒன்றே. ஊசி போடும் முறையும் ஒன்றே, தவறு செய்தால் ஏற்கவேண்டிய பொறுப்பும் ஒன்றே.

ஆனால் அப்பட்டயத்தைக் கையில் ஏந்தியவர் எந்த வாசலால் நுழைகின்றார் என்பதைப் பொறுத்து ஊதியம் மாறுகின்றது. நாம் கூடியிருக்கும் இந்த இடத்தைச் சுற்றியே பாருங்கள். வடக்குத் தொடருந்து நிலையத்தின் அருகில் 1854இல் திறக்கப்பட்ட லரிபுவாசியேர் மருத்துவமனை இருக்கின்றது. நாம் மரக்கறியும் மீனும் வாங்குகின்ற போபூர் சென்–தெனி வீதியிலேயே பெர்னான் விடால் மருத்துவமனை இருக்கின்றது. இரண்டும் அரச மருத்துவமனைகள். இவற்றைத் தவிர, தனியார் மருத்துவமனைகள், இலாப நோக்கற்ற சங்கங்களின் நிலையங்கள், எப்பாட் எனப்படும் முதியோர் இல்லங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லங்கள், வீடுதேடிச் செல்லும் தாதியர் சேவைகள், லிபெரால் எனப்படும் தற்சார்புத் தாதியர் நிலையங்கள் எனப் பல வாசல்கள் உள்ளன. ஒவ்வொரு வாசலுக்கும் ஒவ்வொரு சம்பள விதி.

தாயகத்தில் எமது பெற்றோர் அறிந்த தாதி பெரும்பாலும் அரசாங்க வைத்தியசாலைத் தாதியே. அரசாங்க வேலை, ஒரே சம்பளத் திட்டம், பின்னர் ஓய்வூதியம் என்பதே அவர்களது மனதில் பதிந்த படம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பிரான்சை அளந்தால் நாம் ஏமாந்துபோவோம்.

அரச மருத்துவமனை

அரச மருத்துவமனையில் நிரந்தர ஊழியரான தாதியின் அடிப்படைச் சம்பளம் ஒரு புள்ளிக் கணக்கு. பணிமூப்பு ஏற ஏறப் புள்ளிகள் ஏறும். ஒவ்வொரு புள்ளிக்கும் அரசு ஒரு பெறுமதியை நிர்ணயிக்கின்றது. 2023 ஜூலை மாதத்தில் அது சுமார் 4.92 யூரோவாக உயர்த்தப்பட்டது. பரிசில் பணிபுரிவோருக்கு இதனுடன் மூன்று வீத வதிவிடப்படி சேரும். இந்த அட்டவணை பொதுவில் உள்ளது. எவரும் பார்க்கலாம். ஐந்தாம் ஆண்டில் என்ன கிடைக்கும், பதினைந்தாம் ஆண்டில் என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். இந்த வாசலின் பெரிய நன்மை இதுவே.

ஆனால் இதற்கும் ஒரு விலை கொடுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு தாதியர் அரச சேவையின் உயர்தரப் பிரிவுக்கு மாற்றப்பட்டனர். அப்போது பணியில் இருந்தோரிடம் ஒரு தெரிவு முன்வைக்கப்பட்டது. பழைய பிரிவில் இருந்தால் முன்கூட்டியே ஓய்வு பெறும் உரிமை தொடரும். புதிய பிரிவுக்குச் சென்றால் சம்பளம் கூடும், ஆனால் அவ்வுரிமை போய்விடும். அதன் பின் சேர்ந்த இளையோருக்கு அந்தத் தெரிவும் இல்லை.

இரவுப் பணியையும் கவனியுங்கள். அரச மருத்துவமனைகளில் நெடுங்காலமாக இரவு ஒரு மணித்தியாலத்திற்குக் கொடுக்கப்பட்ட மேலதிகப்படி 1.07 யூரோ மட்டுமே. பத்து மணித்தியாலம் கண்விழித்தால் 10.70 யூரோ. இந்த வீதியில் ஒரு நேரச் சாப்பாட்டின் விலை. 2024 ஜனவரி முதலே இது மாற்றப்பட்டு, அடிப்படை மணிக்கூலியின் 25 வீதமாக்கப்பட்டது. அதற்கு எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

எம்மவர் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. அரச மருத்துவமனையில் நிரந்தர ஊழியராவதற்குப் பிரெஞ்சுக் குடியுரிமையோ, ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த நாடொன்றின் குடியுரிமையோ, சுவிஸ் போன்ற ஒப்பந்த நாடொன்றின் குடியுரிமையோ வேண்டும். இலங்கைக் குடியுரிமையுடனோ அகதி அட்டையுடனோ இருப்பவர் அங்கே ஒப்பந்த ஊழியராகப் பணிபுரியலாம். அவரது சம்பளத்தை அவரது ஒப்பந்தமே தீர்மானிக்கும். ஒரே விடுதியில், ஒரே இரவில், அருகருகே நிற்கும் இருவருக்கிடையே இவ்வாறும் ஒரு வேறுபாடு தோன்றுகின்றது. குடியுரிமை விண்ணப்பத்தைத் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் பெற்றோர் இதனை மனதிற்கொள்ள வேண்டும்.

தனியார் நிலையங்களும் கூட்டு ஒப்பந்தங்களும்

தனியார் வாசல்களில் சம்பளத்தை நிர்ணயிப்பது கூட்டு ஒப்பந்தம், அதாவது கோன்வென்சியோன் கொலெக்டீவ். இலாப நோக்கற்ற மருத்துவ நிலையங்கள் பலவற்றில் 1951ஆம் ஆண்டின் ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. மாற்றுத்திறனாளிகளுக்கான நிலையங்கள் பலவற்றில் 1966ஆம் ஆண்டின் ஒப்பந்தம். இலாப நோக்குடைய தனியார் மருத்துவமனைகளுக்கு 2002ஆம் ஆண்டின் ஒப்பந்தம். ஆரம்பச் சம்பளம், இரவுப்படி, ஞாயிறுப்படி, முந்திய பணிக்காலத்தைக் கணக்கில் எடுக்கும் முறை என அனைத்தும் ஒன்றுக்கொன்று வேறுபடும். நான் மேலே குறிப்பிட்ட பிள்ளை தமது ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டபோது, எந்தக் கூட்டு ஒப்பந்தம் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவும் இல்லை. நானும் சொல்லவில்லை.

செகூர் உடன்பாடு: 183, 160, பூச்சியம்

கொரோனாப் பெருந்தொற்றின் முதல் அலை ஓய்ந்தபின், 2020 ஜூலை 13ஆம் நாள் பிரெஞ்சு அரசும் சில தொழிற்சங்கங்களும் செகூர் எனப்படும் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. நாடெங்கும் இரவு எட்டு மணிக்கு மாடிமுகப்பில் நின்று கைதட்டிய சில மாதங்களின் பின்னர் வந்த உடன்பாடு இது. அரச மருத்துவமனைகளிலும் அரச முதியோர் இல்லங்களிலும் பணிபுரியும் மருத்துவர் அல்லாத ஊழியருக்கு மாதம் 183 யூரோ சம்பள உயர்வு இரண்டு கட்டங்களாக வழங்கப்பட்டது. கணக்கு எளிது. 49 புள்ளிகள் சேர்க்கப்பட்டன. அன்றைய புள்ளிப் பெறுமதியில் அது சுமார் 230 யூரோ. கழிவுகள் போகக் கையில் கிடைப்பது 183.

இலாப நோக்குடைய தனியார் நிலையங்களில் இவ்வுயர்வு சுமார் 160 யூரோ. இடைவெளி 23 யூரோ. ஒரு மூட்டை அரிசியின் பெறுமதி என்று தோன்றும். ஆண்டுக்கு 276 யூரோ. நாற்பது ஆண்டுப் பணிக்காலத்திற்கு 11,040 யூரோ. ஒரே பட்டயம், ஒரே தொழில், ஒரே பெருந்தொற்று.

இதைவிடப் பெரிய அநீதி, விடுபட்டோருக்கு நேர்ந்தது. மாற்றுத்திறனாளி இல்லங்கள் பலவற்றிலும், வீடுகளுக்குச் செல்லும் தாதியர் சேவைகளிலும் பணிபுரிந்தோருக்குத் தொடக்கத்தில் இந்த உயர்வு கிடைக்கவே இல்லை. "செகூரால் மறக்கப்பட்டவர்கள்" என்று அவர்கள் தம்மை அழைத்துக்கொண்டு வீதியில் இறங்கினர். அதன் விளைவாக 2021இல் தாதியர் போன்றோருக்கும், 2022இல் சமூகப் பணியாளர் பலருக்கும் இது நீட்டிக்கப்பட்டது. சங்கங்கள் நடத்தும் நிலையங்களில் எஞ்சியிருந்த ஏனைய ஊழியர்களுக்கான உடன்பாடு 2024 ஜூன் மாதத்திலேயே வந்தது. அந்தக் காத்திருப்புக் காலத்தில் ஊழியர் பலர் 183 யூரோ கிடைக்கும் வாசலை நோக்கி நகர்ந்தனர். அவர்களை நான் குறைகூற மாட்டேன். வீட்டு வாடகை அவர்களுக்கும் உண்டு. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற கட்டில்களில் படுத்திருந்தவர்கள் யார் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

லிபெரால்: வெளித்தோற்றமும் உண்மையும்

"சொந்தமாகச் செய்தால் இரட்டிப்பு உழைக்கலாம்" என்று எம்மவர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தற்சார்புத் தாதிகள் சிலர் கூடுதலாக ஈட்டுகின்றனர் என்பது உண்மையே. ஆனால் படிப்பை முடித்தவுடன் இந்த வாசல் திறக்காது. முந்திய ஆறு ஆண்டுகளுக்குள் குறைந்தது 24 மாதப் பணி அனுபவம், அதாவது 3,200 மணித்தியாலங்கள் வேண்டும். தாதியர் ஏற்கெனவே அதிகமாக உள்ள பகுதிகளில் புதியவர்களுக்கு இடம் கிடைப்பதும் கடினம்.

வருமானத்தின் அமைப்பையும் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு குறியீடு, அக்குறியீட்டுக்கு ஒரு பெறுமதி. தாதியரின் மருத்துவச் செயல்களுக்கான அடிப்படைப் பெறுமதி 2012இல் 3.15 யூரோவாக்கப்பட்டது. பின்னர் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அது அசையவில்லை. வீட்டிற்குச் செல்வதற்கான பயணப்படி 2.50 யூரோவில் இருந்து 2024 ஜனவரியில் 2.75 யூரோவானது. ஒரே நோயாளிக்கு ஒரே வருகையில் செய்யும் இரண்டாவது செயலுக்குப் பொதுவாகப் பாதி, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. பிறர் உதவியில் தங்கியிருக்கும் முதியோருக்கு 2020 முதல் படிப்படியாக நாள் கணக்கில் தொகை வழங்கும் முறை வந்தது. தேவையின் அளவைப் பொறுத்து 13 யூரோ, 18.20 யூரோ, 28.70 யூரோ என மூன்று படிகள். அந்தத் தொகைக்குள் குளிப்பாட்டுவது முதல் அன்றைய பராமரிப்பின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

மொத்த வருமானத்தில் இருந்து சமூகக் காப்புப் பங்களிப்பு, ஓய்வூதியப் பங்களிப்பு, வாகனச் செலவு, நிலைய வாடகை ஆகியவை கழியும். சம்பளத்துடன் கூடிய விடுமுறை கிடையாது. எனவே ஒருவர் "நான் மாதம் இவ்வளவு எடுக்கின்றேன்" என்று சொன்னால், அது கழிவுக்கு முன்னரா பின்னரா என்று கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள், காலையில் எத்தனை மணிக்குத் தொடங்குகின்றீர்கள் என்றும் கேளுங்கள்.

மேனிலைத் தாதி: ஏணியின் உச்சியிலும் அதே வேறுபாடு

இளையோர் பலர் கேட்கும் கேள்வி: மேலும் படித்தால் இந்த வேறுபாடு தீர்ந்துவிடாதா?

பிரான்சில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் வித்திட்டு, 2018 ஜூலை மாத ஆணை உருக்கொடுத்த புதிய பணிநிலை ஒன்று உள்ளது. பிரெஞ்சில் இ-பே-ஆ என்று சுருக்கமாக அழைப்பர். நாம் மேனிலைத் தாதி என்று சொல்லலாம். தாதியாக மூன்று ஆண்டு அனுபவமும், பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பும் வேண்டும். நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய்கள், புற்றுநோய், சிறுநீரக நோய், மனநலம், அவசர சிகிச்சை ஆகிய ஐந்து துறைகளில் இவர்கள் நோயாளிகளைப் பரிசோதித்துத் தொடர்ந்து கண்காணிக்கவும், விதிகளுக்கு உட்பட்டு மருந்துச் சீட்டுகளைப் புதுப்பிக்கவும், பரிசோதனைகளுக்கு எழுதிக்கொடுக்கவும் முடியும். நீரிழிவு எமது சமூகத்தில் எத்தனை வீடுகளில் குடியிருக்கின்றது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இவர்களுக்கும் ஊதியம் இடத்தைப் பொறுத்ததே. அரச மருத்துவமனையில் 2020 மார்ச் மாதத்தில் இவர்களுக்கெனத் தனிப் பிரிவும் சம்பள அட்டவணையும் உருவாக்கப்பட்டன. தனியார் நிலையங்களில் அது ஒப்பந்தத்தையும் பேரத்தையும் பொறுத்தது. வெளியே தற்சார்பாகப் பணிபுரிவோருக்கு, கண்காணிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தொகை கிடைக்கும். தொடக்கத்தில் மருத்துவர் அனுப்பினால் மட்டுமே நோயாளி இவர்களிடம் வர முடிந்தது. மருத்துவர் அனுப்பாவிட்டால் நோயாளி இல்லை, நோயாளி இல்லாவிட்டால் வருமானம் இல்லை. ஐந்து ஆண்டு உயர்கல்வி கற்றவர்கள் சிலர் வருமானத்தை ஈடுசெய்யச் சாதாரணத் தாதியாகவும் தொடர்ந்து பணிபுரிய வேண்டியிருந்தது. பிரான்சின் கணக்காய்வு நீதிமன்றம் 2023 ஜூலையில் இப்பணிநிலை பற்றி வெளியிட்ட அறிக்கை, இதனைத் தேவையான மாற்றம் என்று ஏற்று, அதனைப் பலமான தடைகள் மறிக்கின்றன என்று தலைப்பிலேயே குறிப்பிட்டது. 2023 மேயில் வந்த சட்டமும் 2025 ஜனவரியில் வந்த ஆணையும் குறிப்பிட்ட நிலையங்களில் நோயாளிகள் நேரடியாக இவர்களிடம் செல்ல வழி திறந்துள்ளன. வாசல் திறந்திருக்கின்றது. ஆனால் படிப்பு மட்டும் சம்பளத்தைத் தீர்மானிப்பதில்லை என்ற பாடம் மாறவில்லை.

பிற நாடுகளில்

"அப்படியானால் இலண்டனுக்கோ கனடாவுக்கோ போகலாம்" என்று சிலர் நினைக்கலாம். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் 2004 முதல் ஒரே சம்பளத் திட்டம் உள்ளது. ஆனால் குடும்ப மருத்துவர் நிலையங்கள் தனித்த தொழில்வழங்குநர்கள் ஆகையால், அங்கே பணிபுரியும் தாதியரை அத்திட்டம் கட்டுப்படுத்துவதில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மேனிலைத் தாதியர் பல ஆண்டுகளாகப் பணிபுரிகின்றனர். 2007இல் சட்பரி நகரில் அவர்களே தலைமைதாங்கும் நிலையம்கூடத் தொடங்கப்பட்டது. ஆனால் மருத்துவமனையில் இருப்பவருக்கும் சமூக நிலையத்தில் இருப்பவருக்கும் இடையேயான ஊதிய வேறுபாடு அங்கும் நீண்டகால மனக்குறையே.

தமிழ்நாட்டிலும், தேர்வெழுதித் தெரிவான செவிலியர்கள் 2015இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். நிரந்தரச் செவிலியர் செய்யும் அதே பணிக்கு இந்த ஊதியமா என்று கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் போராடினர். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து இந்திய உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பணித்ததற்கிணங்க அமைக்கப்பட்ட குழு, 200 கட்டில்களுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அரச ஊதியத்திற்கு நிகராகக் கொடுக்க வேண்டும் என்றும், 50 கட்டில்களுக்குக் குறைந்தவற்றிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும் பரிந்துரைத்தது. இடத்தைப் பொறுத்து ஊதியம் மாறுவது உலகெங்கும் உள்ள நோய். ஆனால் எங்கெல்லாம் தாதியர் ஒன்றுபட்டுக் கேட்டனரோ, அங்கெல்லாம் சிறிதேனும் மாற்றம் வந்துள்ளது.

இது ஏன் எமது பிரச்சினை?

அன்பானவர்களே, இங்கேதான் உங்கள் கவனத்தை நான் வேண்டி நிற்கின்றேன்.

ஊதிய வேறுபாடு என்பது தாதியின் சட்டைப்பையோடு முடிந்துவிடுவதில்லை. எந்த நோயாளியின் கட்டிலருகே தாதி நிற்பார், எந்தக் கட்டிலருகே எவரும் நிற்கமாட்டார் என்பதை அதுவே தீர்மானிக்கின்றது. சம்பளம் குறைந்த வாசலில் ஆட்கள் தங்குவதில்லை. முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும் இதனை நாம் கண்கூடாகக் காண்கின்றோம்.

1980களில் இந்நாட்டிற்கு வந்தவர்கள் எமது முதல் தலைமுறையினர். உணவகங்களின் அடுக்களைகளிலும் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் பணிகளிலும் தமது இளமையைக் கொடுத்தவர்கள். அன்று இருபதும் முப்பதும் வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டனர். பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், நாற்பது சதுர மீற்றர் அடுக்ககத்தில், படுக்கையில் விழுந்த தாயைப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பது இங்கே இருக்கும் பலருக்குத் தெரியும். "அம்மாவை இல்லத்தில் விட்டார்கள்" என்று ஊர் பேசுமே என்ற அச்சமும் தெரியும். இருந்தாலும் அந்த நாள் வரும். பலருக்கு வந்துவிட்டது.

மறதி நோய் கண்டவர்கள் பிற்காலத்தில் கற்ற மொழியை முதலில் இழந்து தாய்மொழிக்குத் திரும்புவது மருத்துவ உலகம் அறிந்த ஒன்று. அரைகுறையாகக் கற்ற பிரெஞ்சும் போய்விட்ட பின்னர், "தண்ணி விடாய்க்குது" என்று ஓர் அம்மா சொன்னால் அதைப் புரிந்துகொள்ள அந்த இல்லத்தில் யார் இருப்பார்? எமது பிள்ளைகளில் ஒருவர் அங்கே தாதியாக இருந்தால் புரிந்துகொள்வார். ஆனால் அந்த இல்லத்தில் வேலை செய்தால் குறைந்த சம்பளம், வளர்ச்சி இல்லை என்ற நிலை நீடித்தால், அந்தப் பிள்ளை அங்கே எத்தனை காலம் இருப்பார்? எமது மகளின் சம்பளத் துண்டும் எமது தாயின் தாகமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

இன்னுமொன்று. அரச மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, முதியோர் இல்லத்தின் மருத்துவப் பகுதி, லிபெரால் தாதி ஆகிய அனைத்திற்கும் பணம் பெரும்பாலும் ஒரே ஊற்றில் இருந்தே வருகின்றது. அது எமது சம்பளத்தில் இருந்தும் மாதந்தோறும் பங்களிப்பு செல்லும் சமூகக் காப்பு நிதி. அதன் மருத்துவச் செலவின் இலக்கை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் வாக்களித்து முடிவு செய்கின்றது. ஆகவே இந்த வேறுபாடு இயற்கையின் விதி அன்று. வாக்களித்து உருவாக்கியதை வாக்களித்தே மாற்றலாம். "மறக்கப்பட்டவர்கள்" தம் குரலால் அதனை நிரூபித்துள்ளனர்.

இளையோருக்கு

தாதியாக விரும்பும் தம்பி தங்கைகளே, ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் ஆறு கேள்விகளைக் கேளுங்கள். எந்தக் கூட்டு ஒப்பந்தம் அல்லது எந்தச் சம்பள அட்டவணை? முந்திய பணிக்காலம் முழுமையாகக் கணக்கிடப்படுமா? இரவுக்கும் ஞாயிறுக்கும் என்ன விதி? செகூர் தொகை சம்பளத்தில் சேர்ந்துள்ளதா, எவ்வளவு? ஒரு இரவில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள்? மேற்படிப்புக்குச் செலவையும் நேரத்தையும் தருவார்களா? இக்கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. விடை சொல்லத் தயங்கும் இடத்தில் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

படித்து முடித்தவுடன் இடைக்கால முகவர் நிலையங்கள் வழியாகக் கூடிய நாட்கூலிக்குப் போகலாம் என்ற எண்ணம் முன்பு இருந்தது. 2024 ஜூலை முதல் புதிதாகப் பட்டயம் பெற்ற தாதியர் ஈராண்டு பணி அனுபவம் பெற்ற பின்னரே அவ்வழியில் செல்ல முடியும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு

பெற்றோரே, எம்மிடையே இன்னமும் ஒரு எண்ணம் உண்டு. மருத்துவர் ஆனால் பெருமை, பொறியியலாளர் ஆனால் பெருமை, தாதி ஆனால் "பிள்ளைக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்ற கேள்வி. நான் பொறியியல் படித்தவன். நான் எழுதிய மென்பொருள் ஒருநாள் நின்றுபோனால் ஒரு நிறுவனத்திற்கு நட்டம். தாதி ஒருநாள் நின்றுபோனால் என்னவாகும் என்பதை 2020ஆம் ஆண்டின் வசந்த காலம் எங்களுக்குக் காட்டியது. பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதில் தவறில்லை. அது எங்கள் கடமை. ஆனால் ஒரு தொகையைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

தாயகத்திலோ தமிழ்நாட்டிலோ தாதியர் பயிற்சி பெற்று இங்கு வந்தவர்களுக்கும் ஒரு சொல். ஐரோப்பாவுக்கு வெளியே பெற்ற தாதியர் பட்டயம் இங்கே நேரடியாக ஏற்கப்படுவதில்லை. ஆனால் தெரிவுமுறையில் தேறினால் படிப்பின் ஒரு பகுதியில் இருந்து விலக்குப் பெற வாய்ப்புண்டு. உதவித் தாதியாகவோ துப்புரவுப் பணியிலோ காலத்தைக் கழித்துக்கொண்டிருப்பவர்கள் எம்மிடம் வாருங்கள். விண்ணப்பத்தை நாம் சேர்ந்து பார்ப்போம்.

எமது வேண்டுகோள்

அமைப்பின் சார்பில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, பல்வேறு நிலையங்களில் பணிபுரியும் எமது தாதியர், பெயரும் நிறுவனமும் மறைத்து, தமது சம்பள விபரங்களை இளையோருடன் பகிர்ந்துகொள்ள முன்வர வேண்டும். ஒரு மாலைப் பொழுது அதற்குப் போதும். இரண்டாவது, எமது முதியோர் தங்கியுள்ள இல்லங்களுக்குத் தமிழ் பேசும் தொண்டர்கள் முறைவைத்துச் சென்றுவர வேண்டும். மூன்றாவது, வாக்குரிமை பெற்றவர்கள் தமது தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுத வேண்டும். ஒரே பட்டயத்திற்கு ஒரே அடிப்படைச் சம்பளம், எந்த வாசலால் நுழைந்தாலும் முழுப் பணிமூப்பு என்ற இரண்டு வரிகள் போதும். எமது இனத்தின் துயரை எடுத்துரைக்க எத்தனையோ கடிதங்கள் எழுதிய கைகள் இவை. இந்த நாட்டில் எமது பிள்ளைகளுக்காகவும் எமது முதியோருக்காகவும் இன்னும் ஒன்றை எழுதுவதில் களைப்பு வரக்கூடாது.

2019இல் என்னிடம் வந்த அந்தத் தாயார் அண்மையில் மீண்டும் வந்தார். இளைய மகளும் தாதியர் படிப்புக்கு விண்ணப்பிக்கின்றாராம். "தம்பி, இந்த முறை எவ்வளவு எண்டு கேக்க மாட்டன். எந்த இடம் எண்டு கேக்கிறன்" என்றார். மூத்த மகள் இன்னமும் ஒரு முதியோர் இல்லத்தில்தான் பணிபுரிகின்றார். இம்முறை ஒப்பந்தத்தை வாசித்துப் பார்த்துச் சேர்ந்த இல்லம். அங்கே எங்கள் ஊர் அம்மா ஒருவர் இருக்கின்றாராம். இரவில் தண்ணீர் கேட்டால் கொடுப்பதற்கு ஆள் இருக்கின்றது.